11 மாத வீடு, 14 வருட நாய்

கோவாவின் கடலோரக் கிராமங்களில் குடியேறும் நகரவாசிகளின் வீட்டில் முதல் மாதத்திலேயே ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த உறவு எவ்வளவு உறுதியானது என்பது ஜூன் மாத மழையில்தான் தெரியவருகிறது.

வடக்கு கோவாவின் கடலோரக் கிராமங்களுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் வாரத்தில் மாத வாடகைக்கு ஒரு ஸ்கூட்டர் வந்துவிடும். இரண்டாவது வாரத்தில், காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர் (உள்ளூர்க்காரர்களுக்கு அவர் 'பொதேர்') எத்தனை மணிக்குத் தெருவைக் கடப்பார் என்பது அத்துப்படியாகிவிடும். மூன்றாவது வாரம் முடிவதற்குள் வாசல் திண்ணையில் ஒரு நாய்க்குட்டி படுத்திருக்கும். செம்மண் நிறம், கறுத்த மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள். பெயர் பெரும்பாலும் பெனி அல்லது பொயி. முன்னது முந்திரிப்பழச் சாராயம், பின்னது பொதேர் விற்கும் தவிட்டு ரொட்டி. மாலையில் தெருமுனையில் நின்று 'பெனி' என்று கூப்பிட்டால் மூன்று நாய்களாவது திரும்பிப் பார்க்கும்.

யாரும் திட்டம் போட்டு இந்தக் குட்டிகளை எடுத்து வருவதில்லை. கடற்கரையில் மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய ஷாக் உணவகத்தில் சாப்பிட உட்காரும்போது நாற்காலிக்கு அடியில் ஏதோ சூடாகக் காலை உரசும். பொரித்த மீனில் ஒரு துண்டு கீழே போகும். மறுநாளும் அதே நாற்காலி, அதே குட்டி. நான்காம் நாள் அது துண்டில் சுற்றப்பட்டு ஸ்கூட்டரில் ஏறிவிடுகிறது. யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் இன்றுவரை தெளிவில்லை.

2020-ல் கொரோனா வந்து அலுவலகங்கள் பூட்டப்பட்டபோது டில்லி, மும்பை, பெங்களூர் அடுக்குமாடிகளில் அடைபட்டிருந்த பலருக்கு ஒரு விஷயம் உறைத்தது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் எங்கிருந்தும் சம்பாதிக்கலாம் என்றால், ஏன் கடற்கரையிலிருந்து சம்பாதிக்கக் கூடாது? அசகாவ், சியோலிம், அஞ்சுனா, மாந்ரே என்று பழைய ஓட்டு வீடுகளும் புதிய அடுக்கு வீடுகளும் நிரம்பின. அலுவலகங்கள் மறுபடி திறந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் தங்கிவிட்டார்கள். இன்னும் ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வானம் நீலமாகவும் கடல் சமர்த்தாகவும் இருக்கும் காலத்தில்.

நாய்க்குட்டிகளும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் வருகின்றன. இந்தியத் தெருநாய்களின் இணைசேர்க்கை மழைக்காலத்திலும் அதை ஒட்டியும்தான் அதிகம். ஈன்றெடுக்க ஒன்பது வாரம். எனவே சுற்றுலாப் பருவம் சூடு பிடிக்கும்போது படகுகளின் நிழலிலும் ஷாக்குகளின் அடியிலும் குட்டிகள் கண் திறந்திருக்கும். அவற்றில் எத்தனை பிழைக்கும் என்பது வேறு கணக்கு. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்காளத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதைக் கண்டவை 19 சதவீதம் மட்டுமே. இறந்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால் ஏதோ ஒரு விதத்தில் இறந்தவை. வங்காளத்துத் தெருவும் கோவாவின் மணலும் ஒன்றல்ல. ஆனாலும் துண்டில் சுற்றி எடுத்துப் போகிறவர் ஓர் உயிரை நிஜமாகவே காப்பாற்றுகிறார் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

சிக்கல் இருப்பது காலக்கணக்கில். வீட்டுக்கான ஒப்பந்தம் 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்வதால் நாடு முழுவதும் வழக்கத்துக்கு வந்துவிட்ட எண் அது. நன்றாகக் கவனிக்கப்படும் நாட்டு நாய் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். அதற்கு ஒப்பந்தம் எதுவும் தெரியாது.

வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். குட்டியைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும், அலையைப் பார்த்து அது மிரள்வதைப் படம் பிடிக்க வேண்டும். மாப்புசாவிலோ பனாஜியிலோ உள்ள எந்தக் கால்நடை மருத்துவரிடமும் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். காரணம் பார்வோ வைரஸ். நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. சாதாரண சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். காலையில் துள்ளிய குட்டி மாலையில் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் படுக்கும். பிறகு வாந்தி, ரத்தம் கலந்த பேதி. உடனே சலைன் ஏற்றினால் பல குட்டிகள் தேறும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடியும்.

எட்டு வாரத்தில் ஒரு ஊசி போட்டாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பது பரவலான தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்வரை தடுப்பூசி முழுமையாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதுவரை கடற்கரை மணலும் தெருவும் அதற்கு ஆகாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-ஆவது வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். அப்போது பார்க்காத குடை, கேட்காத லாரிச் சத்தம், முகராத குழந்தை எல்லாம் பின்னால் குரைக்கத் தக்க பகைகளாகிவிடும். இரண்டுக்கும் நடுவே அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குட்டி கடற்கரைக்குப் போகும், ஆனால் கால் தரையில் படாது. தோளில் மாட்டிய துணிப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அது கரைவலை இழுப்பதைப் பார்க்கும், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்கும், வெள்ளைக்காரரின் தாடியைப் பார்க்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பூச்சி மருந்தையும் இங்கே அலட்சியம் செய்ய முடியாது. நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈர மணலில் காத்திருந்து வெறுங்காலில் நடப்பவர்களின் தோலுக்குள் நுழைந்துவிடும். பாதத்தில் சிவந்த கோடு வளைந்து வளைந்து நகரும், அரிப்பு தாங்காது. கோடை விடுமுறைக்கு வந்து போன குழந்தையின் காலில் இது தெரிந்தால் வீட்டில் யாரும் நாய்க்குட்டியை நினைப்பதில்லை. குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். கூடவே, மணலில் அது போட்டதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வரும் பழக்கம். கடற்கரையில் காலாற நடக்கும் எத்தனையோ நாய் உரிமையாளர்களிடம் இந்த இரண்டாவது பழக்கம் இன்னும் வரவில்லை என்பதைக் காலை ஆறு மணிக்கு அஞ்சுனாவில் நடந்தால் தெரிந்துகொள்ளலாம்.

பதினாறு வாரம் முடிந்து, ஒரு வழியாகக் குட்டி கடலைத் தொடும் நாள் வந்தால், பயப்பட வேண்டியது அலைக்கு மட்டுமல்ல. அது உப்புத் தண்ணீரை நக்கிக் குடிக்கும். கொஞ்சம் போனால் வாந்தி பேதி. அதிகம் போனால் உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வரும். எனவே ஒரு புட்டியில் நல்ல தண்ணீர் கையோடு இருக்க வேண்டும். மணலில் விழுந்த பந்தைத் திரும்பத் திரும்பக் கவ்வினால் மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். வலைக்காரர்கள் வேண்டாம் என்று உதறிப் போட்ட மீன்களில் பேத்தை மீன் இருக்கும். உப்பிய வயிறும் முள்தோலும் கொண்ட அது செத்த பிறகும் நஞ்சுதான், மாற்று மருந்து கிடையாது. தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் அசையாவிட்டாலும் கொட்டும். பிப்ரவரிக்குப் பிறகு பத்து மணி வெயிலில் மணல் தோசைக்கல். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதையும் விரலிடுக்கையும் துடைக்காவிட்டால் இந்த ஈரக் காற்றில் பூஞ்சை வர ஒரு வாரம் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சிலர் நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வரக்கூடும். வீடும் லேசுப்பட்டதல்ல. போர்த்துக்கீசியர் காலத்து வீடுகளின் அழகே அவற்றின் செம்பாறாங்கல் சுவர்கள்தான். அந்தக் கல்லின் ஆயிரம் துளைகள் உண்ணிகளுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. நாயின் மேல் ரத்தம் குடித்த உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில் முட்டையிடும். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, சுவருக்கும் வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படும் எர்லிக்கியா, பபீசியா நோய்களில் நாய் சோர்ந்து போகும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையிலும் ஊசியிலும் அடங்கிவிடும் நோய்தான்.

கிராமத்தோடு பழகுவது மருத்துவத்தைவிட நுணுக்கமான கலை. கோவாக்காரர்களுக்கு நாய் புதிதல்ல. பல்காவ் என்று அவர்கள் சொல்லும் முகப்புத் திண்ணையில் நாய் படுத்திராத வீடு குறைவு. மதியச் சோறும் மீன் குழம்பும் மிஞ்சினால் அதற்கு. அது கட்டப்பட்டிருக்காது, ஆனால் எல்லை தெரியும். புதிதாக வந்தவரின் குட்டிக்கு அந்த எல்லை தெரியாது. எசமானருக்கும் தெரியாது. குட்டி பக்கத்து வீட்டுக் கோழியை ஒரு நாள் துரத்தும், மறுநாள் பிடித்துவிடும். அன்று மாலை வீட்டுக்கார ஆன்ட்டியின் பேச்சில் வழக்கமான கனிவு இருக்காது. வாடகை ஏற்றம், தண்ணீர்த் தட்டுப்பாடு, இரவு விருந்துச் சத்தம் என்று வெளியூர்க்காரர்கள் மீது ஏற்கெனவே இருக்கும் மனத்தாங்கல்களோடு கோழியும் சேர்ந்துகொள்ளும். கோழிக்கு உடனே, கேட்காமலே, பணம் கொடுத்துவிடுவது நல்லது. அடுக்கு வீடுகளில் நிலைமை வேறு. செல்லப் பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் மின்தூக்கியில் நின்று அந்தக் காகிதத்தைக் காட்டி எந்த அண்டை வீட்டாரின் மனத்தையும் யாரும் மாற்றியதாகக் கேள்வியில்லை.

கடற்கரையில் இன்னொரு பழைய குடித்தனக்காரரும் உண்டு. வடக்கே மோர்ஜிம், மாந்ரே, தெற்கே அகோந்தா, கல்ஜிபாக் கடற்கரைகளுக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் ஏறிவந்து முட்டையிடுகின்றன. முக்கியமாக நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள். வனத்துறை ஊழியர்கள் வலை கட்டிக் காவல் இருக்கிறார்கள். முட்டையின் மணம் நாய்க்குத் தெரியும், தோண்டத் தெரியும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்த ஆமை இருப்பது மட்டும் தெரியாது. தெருநாயைக் குறை சொல்வது எளிது. வீட்டு நாயை விடியலில் அவிழ்த்துவிட்டு 'சுதந்திரமாக ஓடட்டும்' என்று பெருமையோடு பார்த்து நிற்பவர்கள்தான் இந்த நான்கு கடற்கரைகளிலும் திருந்த வேண்டியவர்கள். இங்கே மட்டுமாவது சங்கிலி கையில் இருக்க வேண்டும்.

நாய்களைப் பொறுத்தவரை கோவாவுக்கு மற்ற மாநிலங்களுக்கு இல்லாத ஒரு பெருமை உண்டு. மிஷன் ரேபிஸ் என்ற தொண்டு அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து, தெரு தெருவாக, நாய் நாயாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டன. குழுவினர் கையில் வலை, பையில் ஊசி, செல்போனில் வரைபடம். எந்தத் தெரு முடிந்தது, எது பாக்கி என்பதை அந்த வரைபடமே சொல்லும். ஊசி போட்ட நாயின் மேல் வண்ணத்தில் ஓர் அடையாளம். ஆண்டுக்கு 95,000 நாய்களுக்கு மேல், அதாவது மொத்தத்தில் சுமார் 70 சதவீதத்துக்கு. கூடவே பள்ளிகளில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் குழந்தைகளுக்கு நாய்க்கடி பற்றிய பாடம். 2013 முதல் 2019 வரை நடந்த இந்தப் பணியின் முடிவில் நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. மனித மரணம் நின்றது. மூன்று ஆண்டுகளாக ஒரு மரணமும் இல்லை என்று சொல்லி, 2021 ஜூனில் முதல்வர் பிரமோத் சாவந்த், வெறிநோய் இல்லாத முதல் மாநிலம் என்று கோவாவை அறிவித்தார். அந்த ஆண்டே மாநிலம் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது.

இந்த 70 சதவீதம் ஓட்டை விழுந்த பானை மாதிரி. ஒவ்வொரு ஆண்டும் ஊசி போட்ட நாய்கள் சில சாகும், ஊசி போடாத குட்டிகள் பிறக்கும். ஓட்டை குட்டிகளின் வழியாகத்தான். மாநில எல்லை தாண்டி நோய் வரும்போது அது பிடித்துக்கொள்ளும் இடமும் அதுதான். வழக்கமாக மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போடுவார்கள். ஆனால் மொத்தமாக ஊசி போடும் முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் விட்டுவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

மனிதர்கள் ஏமாறுவதும் குட்டியிடம்தான். பெரிய நாய் கடித்தால் ஓடுகிறோம். குட்டியின் ஊசிப் பல் விரலில் பட்டால் 'விளையாடுகிறது' என்று துடைத்துக்கொள்கிறோம். 2025 ஜூன் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் மாநில அளவில் விளையாடிய இளம் கபடி வீரர் ஒருவர் வெறிநோயால் இறந்தார். சில மாதங்களுக்கு முன் சாக்கடையில் விழுந்த ஒரு நாய்க்குட்டியை அவர் தூக்கிக் காப்பாற்றியிருந்தார். அப்போது விரலில் பட்ட கடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருணையோடு தூக்கியவரே பலியானார். கடற்கரையிலிருந்து தூக்கி வந்த குட்டி, ஊசி போடுவதற்கு முன் கீறினாலும் கடித்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது. தெரிவதற்கு முன் போட்டுக்கொள்ளும் ஊசிகள் ஏறக்குறைய தவறுவதே இல்லை. குட்டி வீட்டுக்கு வருகிறது என்று முடிவானதுமே, முன்னெச்சரிக்கை ஊசியை வீட்டில் உள்ளவர்கள் போட்டுக்கொள்வதும் நல்லதுதான்.

இதையெல்லாம் பழகி முடிப்பதற்குள் மே மாதம் வந்துவிடும். மாத இறுதியை ஒட்டி ஷாக்குகளைப் பிரிக்கத் தொடங்குவார்கள். மூங்கில் ஒரு பக்கம், ஓலை ஒரு பக்கம், வெயில் நாற்காலிகள் லாரியில். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்களுக்கு, மேற்குக் கடற்கரை முழுக்க விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. பயணிகளுக்கு இது வெறும் 'ஆஃப் சீசன்'. கடற்கரை நாய்களுக்கு இரண்டு சமையலறைகளும் ஒரே வாரத்தில் மூடப்படுகின்றன. உணவக மிச்சம் இல்லை, மீன் கழிவு குறைந்துபோகிறது. நவம்பரில் கொழுத்திருந்த நாய் ஜூலையில் விலா எலும்பை எண்ணும்படி இருக்கும். மழைக்கால நாய்ச் சண்டைகளுக்கும் கடிகளுக்கும் பசி ஒரு காரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களும் இந்த மாதத்தில்தான் போகிறார்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே சிலர். கோவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. மின்சாரம் போகும், இணையம் போகும், அலமாரியில் தோல் செருப்பு பச்சையாகும். ஜன்னலில் தெரிந்த நீலக் கடல் காப்பி நிறத்தில் கர்ஜிக்கும். பெங்களூர் அலுவலகம் வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வரச் சொல்லும். அப்போது எட்டு மாத வயதில் 15 கிலோ எடையோடு சோபாவில் படுத்திருக்கும் பெனியை என்ன செய்வது?

சியோலிமில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டால், மே கடைசியில் தனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வி என்கிறார்: நாயை யாராவது எடுத்துக்கொள்வார்களா? விலங்குக் காப்பகங்கள் அந்த மாதத்தில் நிரம்பி வழியும். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு மாலையில் குட்டி கிடைத்த அதே கடற்கரைக்கு அதை அழைத்துப் போய் விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். 'அது அங்கே பிறந்தது, அங்கே இருந்துகொள்ளும்' என்பது வழக்கமான சமாதானம். இருந்துகொள்ளாது. சோபாவில் வளர்ந்த நாய்க்குக் குப்பையைக் கிளறத் தெரியாது. ஷாக்கும் மீனும் இல்லாத காலத்தில், தங்கள் எல்லையில் பட்டினி கிடக்கும் நாய்க் கூட்டத்தின் நடுவே விடப்பட்ட அந்நியன் அது.

சட்டம் இதைக் குற்றம் என்கிறது. பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் வருகிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் ரூ. 10 முதல் ரூ. 50 வரை. அஞ்சுனாவில் அந்தப் பணத்துக்கு இளநீர்கூடக் கிடைக்காது. தெருவுக்கு வந்த நாயின் எதிர்காலமும் முன்னைப் போல் இல்லை. பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விதி. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதர்களை நம்பி வளர்ந்த நாய் மனிதர்கள் கூடும் இடத்துக்குத்தான் போய் நிற்கும்.

திரும்பிப் போவது குற்றமில்லை. நாயோடு போக வழி இருக்கிறது என்பதைத்தான் பலர் விசாரிப்பதில்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு படுக்கையோ நான்கு படுக்கையோ கொண்ட அறை முழுவதையும் எடுத்தால் நாயும் கூடவே வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க் கூண்டு உண்டு, ஆனால் கோடையில் அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. தடுப்பூசிச் சான்றிதழ் கையில் வேண்டும். செலவு இருக்கிறது. டிசம்பரில் குட்டிக்கு வாங்கிய இறக்குமதிப் படுக்கையையும் பெயர் பொறித்த கழுத்துப் பட்டையையும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு பெரிய செலவாகத் தோன்றாது.

தங்கிவிடுகிறவர்களுக்கு வேறு வேலைகள். மழைக்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்த ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வயல் ஓரத்தில் தேங்கிய தண்ணீரை நக்காத நாய் கிடையாது. நாகமும் கண்ணாடி விரியனும் மேட்டுக்கு ஏறும் காலம். நாய் மூக்கை நீட்டி முகர்ந்துதான் கடி வாங்கும். விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும், எந்த மருத்துவரிடம் அது இருப்பில் இருக்கிறது என்பதை முன்பே கேட்டு வைக்க வேண்டும். உடம்பு காயாத நாய்க்கு மின்விசிறி. ஓடித் தீர்க்க முடியாத சக்திக்கு மாட்டு எலும்பு. ஜூன் 24-ல் சான் ஜுவாவ் பண்டிகையன்று தலையில் பூமுடி சூட்டிக்கொண்டு கிராமத்து இளைஞர்கள் மேளத்தோடு வந்து கிணறுகளில் குதிப்பார்கள். முதல் முறை பார்க்கும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அந்த ஈர மாதங்களில்தான் கோழிக்காரப் பக்கத்து வீட்டோடு சமாதானம் ஏற்படுகிறது. மின்சாரம் போன மாலைகளில் திண்ணைக்குத் திண்ணை பேச்சு நடக்கும். மழையிலும் பொதேர் வருவார், நீல பிளாஸ்டிக்கின் அடியில் ரொட்டி சூடாக இருக்கும். ஹாரன் சத்தத்துக்கு டிசம்பரில் குரைத்த நாய் ஜூலையில் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போகும். வெளியூர்க்காரர் என்று ஒதுக்கி வைத்த அண்டை வீட்டார், இவர்கள் மழைக்கும் இருக்கிறார்களே என்று கவனிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு வேலை மட்டும் தள்ளிப் போடக் கூடாதது. டிசம்பரில் இரண்டு மாதக் குட்டியாக வந்த பெட்டை ஜூனில் எட்டு மாதம். ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு மாதத்தில் முதல் பருவம் வரும். வேலிக்கு வெளியே ஐந்தாறு கடுவன்கள் மழையில் நனைந்தபடி நிற்பதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் விஷயம் தெரியவருகிறது. கைவிடப்பட்டவை எல்லாம் இந்த நிலையில்தான் தெருவில் இருக்கின்றன. அடுத்த பருவத்தில் ஷாக் நாற்காலிகளின் அடியில் கண் திறக்கும் குட்டிகளுக்குத் தாய் அவைதான். கருத்தடைக்கு எந்த மாதம் சரி என்பதை மருத்துவர் சொல்வார். தெருநாய்க்கு அறுவை செய்யும்போது அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவது வழக்கம். வீட்டு நாய்க்கு அது கட்டாயமில்லை. பெரிய காதுகளுக்காகவே குட்டியைத் தூக்கி வந்தவர்கள் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். ஆனால் கழுத்துப் பட்டை கழன்று போனாலும், காதைப் பார்த்தே நாய் பிடிக்கும் வண்டிக்காரருக்கு விஷயம் விளங்கிவிடும் என்பதால், யோசித்துவிட்டு, வெட்டிவிடுங்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.